தலைப்பாகையா, தொப்பியா?

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனால், முதலில் மேஜையைக் காலி செய்தாக வேண்டும். அன்று போனபோது அதன் மேல் 24 தலைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் மிளகு அளவு. பக்கத்தில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் தலையில்லாத 24 உடல்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அக்கா மகன் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு உடலின் கழுத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தான். வயது இருபத்தாறு, மென்பொருள் கம்பெனியில் நல்ல வேலை.

"இவனுக்குப் பொண்ணு பார்க்கலாம்னு நான் அலையறேன். இவன் பொம்மைக்குத் தலை பார்த்துட்டிருக்கான். நீயாவது சொல்லேன்டா" என்றாள் அக்கா.

"பொம்மை இல்லம்மா, மினியேச்சர். இதுக்குப் பேர் கன்வர்ஷன்" என்றான் அவன்.

கன்வர்ஷன் என்ற சொல்லைக் கேட்டு அக்கா முதலில் வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டு கலவரப்பட்டுப் போனாள். மதம் எதுவும் மாறவில்லை, தலைதான் மாறுகிறது என்று விளக்கிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அந்தத் தவறான அர்த்தம் அத்தனை தவறானது அல்ல என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மேஜை. அதன் மேல் அட்டையிலும் தெர்மோகோலிலும் செய்த குன்று, கோட்டை, ஆறு. இரண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்துவார்கள். ஒரு வீரன் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவு நாடா சொல்லும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம், அதாவது சுண்டுவிரலில் பாதி.

இதன் பூர்வீகம் நம் நாடு என்று பெருமைப்படவும் இடமிருக்கிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்று நான்கு அங்கங்கள் கொண்ட நம் சதுரங்கம் பாரசீகம் வழியாக ஐரோப்பா போய் செஸ் ஆயிற்று. 1780-ல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் செஸ் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு என்று வண்ணம் கொடுத்து அதைப் போர் விளையாட்டாக மாற்றினார். 1824-ல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையும் விட்டுவிட்டு, வரைபடத்தின் மேல் ஆடும் பயிற்சியாக அதைத் தம் படைக்கே கொடுத்தார். 1913-ல் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதி, பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆடும் முறையை வகுத்தார். நிஜ யுத்தத்தைவிட இந்தச் சின்ன யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. யார் கேட்டார்கள்? மறு வருடமே முதல் உலகப் போர் வந்துவிட்டது.

இன்று உலகெங்கும் இளைஞர்களைப் பிடித்திருப்பது 1983-ல் பிரிட்டனில் தொடங்கிய வார்ஹாமரும், அதன் தம்பியாக 1987-ல் வந்த வார்ஹாமர் 40,000-மும். பூதங்கள், விண்வெளி வீரர்கள் என்று முழுக்கக் கற்பனை உலகம். சரித்திரப் போர்களை ஆடுபவர்கள் தனி ஜாதி. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு வீரனின் கோட்டில் எத்தனை பொத்தான் என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். அக்கா மகன் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் வந்து சேர்ந்தவன்.

பெட்டியில் வருவது முழு வீரன் அல்ல. பிளாஸ்டிக் சட்டத்தில் தலை, கை, உடல், துப்பாக்கி என்று தனித்தனியாகக் காய்த்துத் தொங்கும். வெட்டி எடுத்து ஒட்டி வர்ணம் பூச வேண்டும். பெட்டியின் மேல் உள்ள படத்தைப் போலவே செய்வது சிலருக்குப் போதும். சிலருக்குப் போதாது. ஒருவன் தலையை இன்னொருவனுக்கு வைப்பார்கள், நின்றவனை மண்டியிட வைப்பார்கள், இல்லாத தாடியை வளர்ப்பார்கள். வெட்டிய இடத்தில் சிறு கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை ஒரு துண்டு செருகி ஒட்டினால்தான் மூட்டு நிற்கும். துணி மடிப்பு, முண்டாசு போன்றவற்றை மேல்நாட்டில் நீலமும் மஞ்சளுமாக வரும் ஒரு பசையைப் பிசைந்து செய்கிறார்கள். இரண்டும் கலந்தால் பச்சையாகும். இங்கே அதன் வேலையை, குழாய் ஒழுகினால் வைத்து அடைப்போமே, அந்த எம்-சீல் செய்துவிடுகிறது. பிசைந்த பிறகு சற்று நேரம்தான் சொன்னபடி கேட்கும். பிறகு கல்.

இப்போது ரெசின் பிரின்டர் வந்து, கம்ப்யூட்டரில் வரைந்த தலையை அப்படியே அச்சிட்டு எடுக்கவும் முடிகிறது. ஆனாலும் எம்-சீலையும் ஊசியையும் விடாதவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏதோ மேல்நாட்டுப் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நவராத்திரிக்கு முன்னால் நம் வீடுகளில் நடப்பது வேறென்ன? பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் தசாவதார செட்டின் பலராமருக்குக் கலப்பை உடைந்திருக்கும். தீக்குச்சியில் ஒரு கலப்பை செய்து ஒட்டுவோம். மூக்கு உதிர்ந்த செட்டியாருக்கு மாவுப் பசையில் மூக்கு வைப்போம். மரப்பாச்சிக்கு வருடத்துக்கு ஒரு புதுத் துணி. கொலுப் படிக்குக் கீழே மண்ணைக் கொட்டி, கடுகு தூவி முளைக்க வைத்துப் புல்வெளியாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி 'பார்க்' கட்டுவோம். அக்கா வீட்டில் அந்தப் பார்க்கைப் பத்து வருடம் கட்டியவன்தான் இவன்.

பிரெஞ்சுச் சிப்பாய்களின் பெட்டியொன்றை வெட்டி ஒட்டி, முதலில் திப்பு சுல்தானின் ராக்கெட் படையை அவன் செய்தான். ஈர்க்குச்சியில் மெல்லிய கம்பித் துண்டைக் கட்டியதுதான் ராக்கெட். அதற்காக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய், தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கும் 1780-ம் வருடத்துப் பொள்ளிலூர்ப் போர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கிய போர் அது.

அடுத்து அவன் எடுத்துக்கொண்டதுதான் இந்த 24 பேர். 1806-ம் வருடத்து வேலூர்க் கோட்டை. மதராஸ் படையின் சிப்பாய்கள்.

அவன் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் விழுந்தது. அங்கே இருந்த கம்பெனிப் படை பத்து வருடம் கழித்து, 1809 வாக்கில், பெங்களூர் கண்டோன்மென்டுக்கு இடம் மாறியது. மதராஸ் படை என்றால் தமிழும் தெலுங்கும் பேசும் சிப்பாய்கள். அவர்கள் பின்னால் கொத்தனார், குயவர், வண்ணார், சமையல்காரர், கடைக்காரர் என்று ஒரு ஊரே வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர்ப் பக்கங்களில் இன்றும் காதில் விழும் தமிழின் வேர் பெரும்பாலும் அங்கேதான். 1780-ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு இன்றும் அல்சூர் ஏரிக்கரைதான் வீடு. எங்கள் குடும்பமும் வட ஆற்காட்டிலிருந்து வந்ததாகத்தான் பாட்டி சொல்வாள்.

"பெட்டியில வர்றவங்க எல்லாம் யாரோ மாமா. நம்ம ஆளுங்களை யாரும் விற்கிற மாதிரி தெரியலை. அதான் நானே செய்யறேன்" என்றான்.

பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தான். சிவப்புக் கோட்டு ஒத்துப் போயிற்று, கம்பெனிச் சிப்பாய்க்கும் அதேதான். காலைச் சீவி, அக்காலத்துச் சித்திரங்களில் இருப்பது போல அரைக்கால்சட்டையும் வெறும் காலும் செருப்புமாக மாற்றியாயிற்று. மிச்சம் தலைதான். அதற்கு என்னைக் கூப்பிட்டான். "நீங்க எம்.ஏ. தமிழ், மொழிபெயர்ப்பு வேற செய்யறீங்க. வேலூர் பத்தி இருக்கிற பழைய இங்கிலீஷ் காகிதங்களைப் படிச்சு, தலையில என்ன இருந்ததுன்னு சொல்லுங்க."

படித்தேன். பழைய 'டர்பன்' இருந்தது, 1806-ல் புதுமாதிரி 'டர்பன்' ஒன்றை அணியச் சொன்னார்கள், அதில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது, சிப்பாய்கள் மறுத்தார்கள். டர்பன் என்றால் தலைப்பாகை. இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுபவனுக்கு இதில் என்ன சந்தேகம்? "பழைய தலைப்பாகை, புதுத் தலைப்பாகை. புதுசில் ஒரு சின்னத் தோல் பட்டை. அவ்வளவுதான்" என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

அவனும் எம்-சீலை நூலாக உருட்டி, ஊசி முனையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, பன்னிரண்டு தலைக்குப் பழையது, பன்னிரண்டுக்குப் புதியது என்று சுற்றி முடித்தான். மூன்று வாரம் பிடித்தது. அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பார்த்தேன். உண்மையாகவே அழகாக இருந்தது. ஆனால் அவன் முகத்தில் திருப்தி இல்லை.

இந்த விளையாட்டில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எதிரே இருப்பவனுக்கு, ஒரு வீரன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும். பக்கத்தில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி இருக்கக்கூடாது. அவன் இரண்டு தலைகளை என் உள்ளங்கையில் வைத்தான்.

"மாமா, இதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே. இதுக்காகவா அவ்வளவு பேர் செத்தாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். இந்த முறை சொல்லைப் படிக்காமல், பொருளை எம்-சீலில் செய்வதானால் எப்படிச் செய்வது என்று நினைத்துக்கொண்டு படித்தேன். தவறு தெரிந்தது.

படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் அக்னியூ வடிவமைத்த அந்தப் புதுச் சமாச்சாரத்துக்குப் பெயர்தான் டர்பன். உருவம் ஐரோப்பியத் தொப்பியின் சாயல். துணியைத் தலையில் சுற்றிக் கட்டுவதல்ல, எடுத்துக் கவிழ்ப்பது. தொப்பி என்றால் அன்றைய தமிழனுக்கு அது வெறும் உடுப்பு அல்ல. வெள்ளைக்காரனுக்கே தொப்பிக்காரன் என்றுதான் பெயர். தொப்பியைப் போட்டால் தொப்பிக்காரனின் மதம், பிறகு சொந்த பந்தம் வீட்டுக்குள் சேர்க்காது, பெண் கொடுக்காது. அதில் இருந்த தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற பயம் வேறு. கன்வர்ஷன் என்றதும் அக்கா கலவரப்பட்டாளே, அதே அர்த்தத்தில் 1,500 சிப்பாய்கள் இருந்த ஒரு கோட்டை கலவரப்பட்டது.

ஆணை பிறப்பித்தவர்கள் எழுதிய காகிதத்தில் இரண்டுமே டர்பன். எனவே ஆங்கிலத்தில் படிப்பவனுக்கு, ஒரு தலைப்பாகைக்குப் பதில் இன்னொரு தலைப்பாகை, அதற்குப் போய் இந்த மூடர்கள் ரகளை செய்தார்கள் என்றுதான் தோன்றும். சிப்பாய்கள் தங்கள் மொழியில் சொன்னதும் பின்னால் விசாரணையின்போது ஆங்கிலத்தில்தான் பதிவாயிற்று. சண்டையின் காரணமே அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. நானும் அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது அப்படியே மறைத்துத்தான் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக் தலையில் வைத்துப் பார்த்திராவிட்டால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

நடந்ததை வடநாட்டில் இருக்கும் நம் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1857-ம் அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு 51 வருடம் முந்தையது இது. மதராஸ் படையின் தளபதி கிரடாக், கவர்னர் பென்டிங்க். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவாக இருக்க வேண்டும், புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணை. மே மாதம் மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது, இருவர் வேலையை இழந்தார்கள். ஜூலை 10-ம் தேதி விடியுமுன்பே கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. அங்கே காவலில் இருந்த திப்புவின் மகன்களில் ஒருவரை மன்னர் என்று அறிவித்து, மைசூரின் கொடியை ஏற்றினார்கள். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகு இறந்தவர்கள் சிப்பாய்கள், நூற்றுக்கணக்கில். விசாரணை முடிந்து சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். கலகம் செய்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. கிரடாக்கும் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆணை ரத்தாயிற்று.

தலைப்பாகை மட்டும்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஏழு வருடத்துக்கு முன் விழுந்த ஒரு ராஜ்யத்தின் வாரிசுகள் அதே கோட்டையில் இருந்ததும் காரணம்தான். ஆனால் தலைப்பாகையை ஒரு சில்லறைக் காரணமாகத் தள்ளிவிட இனி என்னால் முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கத்தியை எடுத்துப் பன்னிரண்டு தலைகளைச் சீவிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை என்னிடம் சொல் கேட்கவில்லை, "கையால காட்டுங்க" என்றான். ஒரு டபராவைத் தலையில் கவிழ்த்துக் காட்டினேன். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

பிறகு வர்ணம். 28 மில்லிமீட்டர் மனிதனின் நெற்றி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதில் அவன் விபூதி பூசினான். சிலருக்கு நாமம் போட்டான். அதற்கு பிரஷ்ஷின் ஒரு முடிதான் வேலை செய்கிறது, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். சிலருக்குத் தாடி வைத்தான். காதோரம் ஊசி முனையால் ஒரு பொட்டு மஞ்சள், அது கடுக்கன். ஒரு மேஜை நீளத்துக்கு அப்பால் நிற்கிற எவன் கண்ணுக்கும் இது தெரியப் போவதில்லை. தெரிய வேண்டும் என்ற சம்பிரதாயம் இதற்குப் பொருந்தாதா என்று கேட்டேன்.

"பெட்டியில வந்தப்ப எல்லாருக்கும் ஒரே மூஞ்சி மாமா. எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கணும்னுதானே அந்த ஆர்டரே போட்டாங்க" என்றான்.

மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர், அணிந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்பது அவனுடைய பழைய திட்டம். சென்ற வாரம் போனபோது படை தயாராக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். 24 பேர் தலையிலும் துணி முண்டாசு. பன்னிரண்டு தொப்பிகளைக் காணோம். குனிந்து பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு சிப்பாயின் காலடியில், மண் போல வர்ணம் பூசிய அடிப்பலகையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. இப்படித்தான் நடந்தது என்று எந்தக் காகிதத்திலும் நான் படிக்கவில்லை. ஆனால் திருத்தச் சொல்லவில்லை. திருத்தும் தகுதியை நான் ஏற்கனவே இழந்துவிட்டிருந்தேன்.

ஆட்டம் இன்னும் நடக்கவில்லை. கில்லஸ்பியாக ஆட ஆள் கிடைக்கவில்லை, நீங்கள்தான் ஆட வேண்டும் என்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அக்கா இதற்கிடையில் தட்டோடு அந்த 24 பேரையும் எடுத்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தாள்.

"இவ்வளவு வேலை பண்ணியிருக்கான். நவராத்திரிக்குக் கீழ்ப்படியில வைக்கலாமாடா?" என்று என்னைக் கேட்டாள்.